ட்ரூரோ உடனே வருகிறது, உம்லாசி வர மறுக்கிறது: ஒரு போஸ்ட்கிரெஸ் நிகழ்வு ஆய்வு

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கம், ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வருகிறது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து இங்கே வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலானோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், கப்பலில் வந்த வரிசை எண். தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்று தேடி வருகிறவர்களுக்கு இந்த வரிதான் எல்லாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இயங்கும் இந்தத் தரவுத்தளத்தில் ஒரு வினோதமான தாமதம் இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று வந்த முதல் கப்பலான ட்ரூரோவின் பக்கத்தைத் திறந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். 1900-களில் வந்த உம்லாசியின் ஏதாவது ஒரு பயணத்தைத் திறந்தால் இருபது விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்த பிறகு திறந்தால் உலாவி பொறுமை இழந்து பிழை காட்டிவிடும். பதிவேட்டைக் கவனித்துக்கொள்ளும் அக்கா சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பும் எடுப்பவர். அவர் சொன்னது இது: "தம்பி, ட்ரூரோ டக்குனு வருது. உம்லாசி வர்றதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சிட்டு வந்துடலாம். பெரிய கப்பல்ல, ஆள் நெறைய இருப்பாங்க."

ஆள் கணக்கைப் பார்த்தால் ட்ரூரோவில் முந்நூற்று நாற்பது பேர் அளவில் வந்தார்கள். நாங்கள் சோதித்த உம்லாசிப் பயணத்தில் 480 பேர். ஒன்றரை மடங்குகூட இல்லாத வித்தியாசம் நூறு மடங்குத் தாமதத்தைத் தராது. ஒரே குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே கேள்வி, ஒரே அட்டவணைகள், மாறுவது பயண எண் மட்டும். அதில் ஒன்று பறக்கிறது, ஒன்று தவழ்கிறது என்றால் வன்பொருளைக் குறை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அதற்குள் சங்கத்தில் எஸ்எஸ்டி எனும் வேகமான வட்டு வாங்கலாம், ரேம் கூட்டலாம், போஸ்ட்கிரெஸ் தனக்கென ஒதுக்கும் நினைவகமான ஷேர்டு பஃபர்ஸை உயர்த்தலாம் என்றெல்லாம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இவை எதுவும் கெடுதல் இல்லை. ஆனால் மெதுவான வட்டு ட்ரூரோவுக்கு மட்டும் வேகமாகச் சுழலாது.

அமைப்பு

ஒரே ஒரு பழைய மேசைக் கணினி. 8 ஜிபி நினைவகம், லினக்ஸ், அதன்மேல் போஸ்ட்கிரெஸ் 14. முன்பு இதே தரவு மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இருந்தது. போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய அன்று பயணிகள் அட்டவணையில் சுமார் 21,000 வரிகள். அப்புறம் உறுப்பினர்கள் வீட்டிலேயே பட்டியல்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து, கப்பல் பயணம் ஒன்றுக்கு ஒரு கோப்பாகக் கொண்டுவந்து ஏற்றினார்கள். நான் பார்த்தபோது வரிகள் 78,000 அளவுக்கு வளர்ந்திருந்தன. பயணங்கள் 170 வாக்கில்.

முக்கியமான அட்டவணைகள் இரண்டு. ஒன்று பயணிகள். இதன் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி பயண எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்தது. கப்பலின் பெயர் சாவி ஆகாது, ஏனென்றால் உம்லாசி போன்ற நீராவிக் கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. இரண்டாவது ஒப்பந்தங்கள்: யார் எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது. மறு ஒப்பந்தம் செய்தவர்கள் இருப்பதால் இதில் வரிகள் கூடுதல், ஏறக்குறைய 90,000. இதுவும் பயண எண், வரிசை எண் இரண்டையும் வைத்துத்தான் பயணிகளோடு இணைகிறது. கப்பல் பக்கம் செய்கிற வேலை எளிமையானது. ஒரு பயணத்தின் எல்லாப் பயணிகளையும் எடு, ஒவ்வொருவருக்கும் உரிய ஒப்பந்தங்களைச் சேர்த்துக் காட்டு. அவ்வளவுதான்.

திட்டத்தைப் படித்தது

வழக்கமாக நான் முதலில் பார்ப்பது பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியை. எந்தக் குவெரி மொத்தத்தில் அதிக நேரம் தின்கிறது என்று அது சொல்லிவிடும். இங்கே அதைத் திறந்தால் அன்று காலையிலிருந்து ஓடிய சில குவெரிகள் மட்டும்தான் இருந்தன. நேற்றையது இல்லை, போன வாரத்தது இல்லை. இதை மனத்தில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு எக்ஸ்பிளைன் அனலைஸுக்குப் போனேன். ஒரு குவெரியை ஓட்டி, அதற்குப் போட்ட திட்டத்தையும், மதிப்பிட்ட வரிகளையும், வந்த வரிகளையும் காட்டும் கட்டளை அது.

ட்ரூரோவுக்கு வந்த திட்டம் ஒழுங்கானது. பயணிகள் அட்டவணையில் முதன்மைச் சாவி வழியாக 340 சொச்சம் வரிகள் வரும் என்று, எந்த வழியில் தேடுவது எனத் தீர்மானிக்கும் பிளானர் மதிப்பிட்டது. அத்தனையே வந்தன. ஒப்பந்தங்கள் அட்டவணையை ஒருமுறை முழுவதும் படித்து, தேட வசதியான ஹாஷ் ஒன்றை நினைவகத்தில் கட்டிப் பொருத்தும் ஹாஷ் ஜாயின் போட்டு இணைத்தது. முடிந்தது.

உம்லாசிக்கு வந்த திட்டத்தில்தான் கதை இருந்தது. பயணிகளில் எதிர்பார்ப்பு 1 வரி, வந்தது 480. ஒப்பந்தங்களிலும் எதிர்பார்ப்பு 1 வரி, வந்தது பல நூறு. இரண்டையும் இணைக்க பிளானர் தேர்ந்தெடுத்தது, வெளிப்பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் உள்பக்கத்தைத் திரும்பப் படிக்கும் நெஸ்டட் லூப். உள்பக்கத்தில் ஒப்பந்தங்கள் மேல், முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன். அதற்குப் பக்கத்தில் லூப்ஸ் 480 என்று இருந்தது.

அதன் பொருள் இது. ஒவ்வொரு பயணிக்கும் ஒருமுறை 90,000 வரிகளையும் புரட்டி, பயண எண் பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதில் வரிசை எண்ணைத் தேடுகிறது. 480-ஐ 90,000-ஆல் பெருக்கினால் நான்கு கோடியே 32 லட்சம். இந்தக் கணினி இருபது விநாடியில் அதை முடித்ததே பெரிது.

பிளானர் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரே ஒரு வரிதான் வரும் என்று நம்பினால், உள்பக்கத்தை ஒரே ஒரு முறைதான் படிக்க வேண்டியிருக்கும். அப்போது ஹாஷ் கட்டுவது வீண் செலவு, நெஸ்டட் லூப்தான் கொஞ்சம் மலிவு. கணக்கு சரி, கணக்குக்குக் கொடுத்த எண் தவறு. எக்ஸ்பிளைன் வெளியீட்டைப் பலரும் செலவு மதிப்பீடான காஸ்ட் எண்ணிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் சீக்வென்ஷியல் ஸ்கேன் என்ற சொல்லைக் கண்டதும், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் போட ஓடுகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது மதிப்பிட்ட வரிக்கும் வந்த வரிக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளி முதன்முதலில் திட்டத்தின் எந்தக் கணுவில் தோன்றுகிறதோ, அதற்கு மேலே உள்ளவை எல்லாம் அதன் விளைவுகள்தான்.

சந்தேகத்தை உறுதி செய்ய, அந்த ஒரு அமர்வில் மட்டும் நெஸ்டட் லூப்பை அணைத்துவிட்டு அதே குவெரியை ஓட்டினேன். கால் விநாடிக்குள் வந்தது. இது பரிசோதனைக்கு மட்டும் உதவும் சுவிட்ச். இதை அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைத்தால், நெஸ்டட் லூப் உண்மையிலேயே தேவைப்படும் நூறு குவெரிகள் கெட்டுவிடும்.

ஏன் 1?

அட்டவணையிலிருந்து மாதிரி எடுத்துப் புள்ளிவிவரம் சேர்க்கும் கட்டளை அனலைஸ். அது ஓடும்போது போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு நெடுவரிசைக்கும், அடிக்கடி வரும் மதிப்புகளின் பட்டியல் ஒன்றைச் சேமிக்கிறது. இயல்பு அளவு 100 மதிப்புகள். மாதிரிக்கு எடுக்கும் வரிகள் அதன் 300 மடங்கு, அதாவது 30,000. இங்கே 21,000 வரிகள் இருந்தபோது எடுத்த புள்ளிவிவரம் என்றால், முழு அட்டவணையும் மாதிரிக்குள் அடங்கியிருக்கும். அப்போது இருந்த பயணங்களும் நூறுக்குக் கீழே. ஆகவே எல்லாப் பயண எண்களும் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றின் பங்குகளைக் கூட்டினால் சரியாக நூறு விழுக்காடு.

அப்படியானால் பட்டியலில் இல்லாத பயண எண் ஒன்றைக் கேட்டால்? நூறில் நூறு போக மீதம் பூஜ்யம். பூஜ்யம் என்று பிளானர் சொல்லாது, குறைந்தது 1 என்று வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலைக் காட்டும் பிஜி ஸ்டாட்ஸ் காட்சியில் பார்த்தேன். பட்டியலில் ட்ரூரோ இருந்தது, 1870-களின் சில பயணங்கள் இருந்தன. நேட்டாலுக்கு ஆள் வருவது 1866-இல் நின்று 1874-இல்தான் மறுபடி தொடங்கியது என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எந்தப் பெட்டியிலிருந்து முதலில் தட்டச்சு செய்தார்கள் என்று புரியும். உம்லாசி ஒன்றுகூட இல்லை. பிளானரைப் பொறுத்தவரை உம்லாசி இன்னும் டர்பனுக்கு வந்து சேரவில்லை.

ஒரு ஏமாற்றும் இடமும் உண்டு. மொத்த அட்டவணையில் எத்தனை வரிகள் என்ற மதிப்பீடு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. காரணம், பிளானர் அதைப் பழைய எண்ணிலிருந்து அப்படியே எடுப்பதில்லை. தரவுக் கோப்பு பக்கங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிகள் என்ற பழைய அடர்த்தியை, கோப்பின் இன்றைய பக்க எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்கிறது. 'மொத்தம் சரியாக இருக்கிறதே, புள்ளிவிவரம் புதிதுதான்' என்று இதைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. கடைசியாகக் கணக்கெடுத்த வரி எண்ணிக்கையைச் சொல்லும், பிஜி கிளாஸில் உள்ள ரெல்டியூபிள்ஸ் எண்ணைப் பாருங்கள். இங்கே அது இன்னும் 21,000 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்டோவேக்யூம் தூங்கியதா?

இங்கிருந்துதான் எனக்கு ஆர்வம் கூடியது. செத்த வரிகளைத் துப்புரவு செய்வதும், தேவையானபோது அனலைஸை ஓட்டுவதும் ஆட்டோவேக்யூம் என்ற பின்னணிச் செயலின் வேலை. அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது, யாரும் அணைக்கவில்லை. அதன் விதி எளிது. கடைசி அனலைஸுக்குப் பிறகு மாறிய வரிகள் 50-ஐயும், அட்டவணையின் பத்து விழுக்காட்டையும் சேர்த்ததைத் தாண்டினால் தானாக அனலைஸ் ஓடும். 21,000-க்கு அது 2,150. ஏறியதோ 57,000 வரிகள். பத்து முறைக்கு மேல் ஓடியிருக்க வேண்டியது ஒருமுறைகூட ஓடவில்லை.

பயனர் அட்டவணைகளின் புள்ளிவிவரக் காட்சியில் கடைசி ஆட்டோ அனலைஸ் நேரம் காலியாக இருந்தது. பழைய தேதி ஒன்று இருந்திருக்க வேண்டிய இடம் அது, காலியாக இருக்கவே கூடாது. கடைசி அனலைஸுக்குப் பிறகு மாறிய வரிகள் என்ற இடத்தில் 57,000 இல்லை, சில நூறுதான். அன்று காலை ஏற்றிய ஒரே ஒரு கப்பல். பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் நேற்றைய கணக்கு இல்லாததும் நினைவுக்கு வந்தது.

லாக் கோப்பைத் திறந்தேன். தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை, தானியங்கி மீட்பு நடக்கிறது என்ற செய்தி பக்கம் பக்கமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை வீதம் இருந்தது.

2023-இல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த எவருக்கும் அந்த இடைவெளி எது என்று சொல்லத் தேவையில்லை. மின்வெட்டு அட்டவணையும் லாக்கும் கையோடு கை பொருந்தின. மின்வெட்டு இல்லாத இரவுகளிலும் ஒரு செய்தி இருந்தது. அது ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். "ராத்திரி பூட்டிட்டுப் போறப்ப செவுத்துல இருக்கிற ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுவோம் தம்பி. டேட்டா ஒண்ணும் போகலியே?" என்றார்.

டேட்டா போகவில்லை, உண்மைதான். போஸ்ட்கிரெஸ் ஒரு மாற்றத்தை உறுதி செய்வதற்கு முன் அதை வால் (WAL) எனும் முன்கூட்டிய குறிப்பில் எழுதி வட்டுக்குத் தள்ளிவிடுகிறது. மின்சாரம் போனாலும் மறுபடி வரும்போது அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொள்கிறது. ஒரு பயணியின் பெயர்கூடத் தொலையவில்லை. ஆனால் எந்த அட்டவணையில் எத்தனை வரிகள் மாறின என்று எண்ணி வைக்கும் எண்ணிகள் அந்தப் பாதுகாப்புக்குள் வராதவை. முறையாக நிறுத்தினால் அவை கோப்பில் எழுதப்படும். முறையின்றி நின்றால், மீண்டு வரும்போது அத்தனையும் பூஜ்யம். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. 14-இல் மட்டுமல்ல, எண்ணிகளை வைத்திருக்கும் முறையையே மாற்றிய 15-இலும் இதே நடத்தைதான். அனலைஸ் எடுத்த பழைய புள்ளிவிவரமோ சாதாரண அட்டவணையில் இருப்பதால் பத்திரமாக இருக்கும். அழிய வேண்டியது நிலைத்து, நிலைக்க வேண்டியது அழிகிறது.

இனிக் கணக்கு தெளிவு. ஒரு கப்பல் என்பது சராசரியாக 450 வரிகள். எல்லை 2,150. இரண்டு மின்வெட்டுகளுக்கு நடுவே யாராவது ஐந்து கப்பல்களை ஏற்றியிருந்தால்தான் ஆட்டோ அனலைஸ் விழித்திருக்கும். யாரும் அப்படி ஏற்றவில்லை. கப்பல் ஏறும், எண்ணி 450-ஐத் தொடும், விளக்கு அணையும், எண்ணி பூஜ்யம். அடுத்த கப்பல். பரமபதத்தில் ஏறிய காய் தாயம் போடுவதற்குள் பாம்பு வாயில் விழுவதுபோல.

ஆட்டோ வேக்யூமுக்கும் இதே கதிதான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழை திருத்தும்போதெல்லாம் பழைய வரிகள் செத்துக் கிடக்கும். அவற்றை எண்ணும் எண்ணியும் பூஜ்யமாவதால் துப்புரவு நடக்காது. நல்லவேளை, பரிவர்த்தனை எண்கள் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து சுற்றி வருவதால் வரும் கேட்டைத் தடுக்கும் கட்டாய வேக்யூம் இந்த எண்ணிகளை நம்பவில்லை. அது வேறு கணக்கு, அது பத்திரம்.

செய்த மாற்றங்கள்

முதலில் கையால் ஒரு அனலைஸ். அது ஓடி முடிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. உம்லாசிப் பக்கம் கால் விநாடிக்கும் கீழே இறங்கியது. இப்போது 170 பயணங்கள் இருப்பதால் எல்லாம் நூறு இடங்களுக்குள் அடங்காது. ஆனால் பட்டியலில் இல்லாத பயணத்துக்கும் மீதிப் பங்கைப் பிரித்து 450 வாக்கில் மதிப்பிடுகிறது. அது போதும். பட்டியலின் அளவைத் தீர்மானிக்கும் புள்ளிவிவர இலக்கை 500-க்கு உயர்த்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கப்பலுக்குக் கப்பல் ஆள் எண்ணிக்கை பத்து மடங்கு மாறுவதில்லை. சராசரி இங்கே நல்ல ஊகம்.

இரண்டாவது, ஒப்பந்தங்கள் அட்டவணையில் பயண எண், வரிசை எண் மேல் ஒரு இண்டெக்ஸ். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, ஒரு அட்டவணை இன்னொன்றைக் குறிப்பிடும் ஃபாரின் கீ போட்டாலே அந்த நெடுவரிசைகளுக்கு இண்டெக்ஸ் இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது. குறிப்பிடப்படும் பக்கத்தில் தனித்தன்மை இண்டெக்ஸ் கட்டாயம், குறிப்பிடும் பக்கத்தில் நம் விருப்பம். மைஎஸ்கியூஎல்லிலிருந்து வருகிறவர்கள் வழியில் தவறவிடும் சாமான்களில் இதுதான் முதலாவது. இந்த இண்டெக்ஸை மட்டும் முதல் நாளே போட்டிருந்தாலும் பக்கம் வேகமாக வந்திருக்கும். புகாரும் முடிந்திருக்கும். ஆனால் பிளானர் எல்லாக் குவெரியிலும் தொடர்ந்து 1 என்றே நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் ஜில்லா வாரியான அறிக்கை ஒன்று படுத்திருக்கும், அங்கேயும் யாராவது இண்டெக்ஸ் தேடியிருப்பார்கள். அனலைஸை முதலிலும் இண்டெக்ஸைப் பிறகும் செய்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது, ஆட்டோ அனலைஸ். பத்து விழுக்காட்டை இரண்டு விழுக்காடாகக் குறைத்தால் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 78,000-க்கு அது 1,610. ஒரு கப்பல் அதைத் தாண்டாது. ஆகவே இந்த இரண்டு அட்டவணைகளுக்கு மட்டும் விழுக்காட்டைப் பூஜ்யமாக்கி, எல்லையை 200 வரிகள் என்று நிலையாக வைத்தோம். ஆனாலும் ஆட்டோவேக்யூம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. கப்பலை ஏற்றிய அரை நிமிடத்தில் மின்சாரம் போனால் மறுபடி அதே கதை. அதனால் பதிவேற்றும் நிரலின் கடைசி வரியாக அனலைஸையே எழுதிவிட்டோம். வேக்யூமைப் போல இல்லாமல், அனலைஸைப் பரிவர்த்தனைக்குள்ளேயே ஓட்டலாம். வரிகளும் அவற்றின் புள்ளிவிவரமும் சேர்ந்தே உறுதியாகும், இல்லாவிட்டால் சேர்ந்தே ரத்தாகும். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான்.

நான்காவது, ஒரு சிறிய யூபிஎஸ். மின்சாரம் போனால் போஸ்ட்கிரெஸை முறையாக நிறுத்தும்படி கணினியோடு இணைத்திருக்கிறோம். கணினி ஓடும் நேரத்தைக் கூட்டுவதற்காக வாங்கியது இல்லை, ஒழுங்காக அணைய ஒரு நிமிடம் கிடைப்பதற்காக வாங்கியது. சுவர் ஸ்விட்சுக்கு மேலே அக்கா தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: முதலில் ஷட்டவுன், அப்புறம் ஸ்விட்ச்.

மின்வெட்டுக்குப் பிறகு முதல் தேடல் மெதுவாக இருப்பது தனிச் சிக்கல். அது நினைவகத்தில் பக்கங்கள் இல்லாததால் வருவது. பிஜி பிரீவார்ம் நீட்சியை ஆட்டோ முறையில் வைத்தால், நினைவகத்தில் இருந்த பக்கங்களின் பட்டியலை அது அவ்வப்போது எழுதி வைத்து, எழும்பும்போது திரும்ப ஏற்றும். இங்கே மொத்தத் தரவே சிறியது என்பதால் அதைப் போடவில்லை.

பக்கத்தில் நின்ற இன்னொரு புகார்

'தேடினால் வருவதில்லை' என்ற புகாரையும் எல்லாரும் தாமதத்தோடு சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வேறு. இன்று டர்பனில் கவுண்டர், நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி என்பவை குடும்பப் பெயர்கள். கப்பல் பட்டியலில் இருப்பதோ தனிப் பெயரும் தகப்பன் பெயரும். இவையெல்லாம் வந்தால் சாதி என்ற கட்டத்தில் வரும். குடும்பப் பெயரைப் பெயர் கட்டத்தில் தேடினால் வேகமாகவே ஒன்றும் வராது. தேடல் பெட்டியை மூன்று நெடுவரிசைகளையும் பார்க்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக் குழப்பமும் உண்டு. முனுசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் தங்கள் காதுக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். இதற்கு மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக ஒப்பிடும் பிஜி டிரைகிராம் நீட்சியும் ஜின் எனும் வகை இண்டெக்ஸும் பொருத்தம். ஆனால் ஒற்றுமை அளவைத் தரும் சார்பை நிபந்தனையில் எழுதினால் இண்டெக்ஸ் பயன்படாது. அதற்குரிய விழுக்காட்டுக் குறி இயக்கியைத்தான் எழுத வேண்டும். இயல்பு எல்லை 0.3, குறுகிய தமிழ்ப் பெயர்களுக்கு அது குப்பையை அள்ளிக்கொண்டு வருகிறது. என்ன எல்லை வைப்பது என்பதை அக்காவும் மற்றவர்களும் பெயர்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்காக ஒரு சோதனைப் பட்டியலைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். அடுத்து ஏற்ற வேண்டிய கப்பல்களும் இருநூறுக்கு மேல் காத்திருக்கின்றன.